கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையில்: சப்ரகமுவத் தோட்டங்களில் இணைய அணுகல்

இலங்கையின் கைத்தொலைபேசி நிறுவனங்கள் வெளியிடும் அலைபரவல் வரைபடங்களில் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களின் பெரும்பகுதி நிறம் தீட்டப்பட்டே காட்சியளிக்கிறது. ஆனால் அந்த நிறத்துக்குள் அடங்குவதாகக் கொள்ளப்படும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடான லயன் அறைக்குள் ‘சிக்னல்’ இல்லாமல் வாசலுக்கு வந்து, வாசலிலும் கிடைக்காமல் மேட்டிலுள்ள கோயிலடிக்கோ காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்துக்கோ ஏறிச் சென்று பேசுவது இன்றும் பல தோட்டப் பிரிவுகளில் வழமையாகவே இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கைத்தொலைபேசிக் கோபுரப் பற்றாக்குறையாக மட்டும் விளங்கிக்கொண்டதே கடந்த இருபது ஆண்டுகாலக் கொள்கையின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் வாதம். கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையில் மலையோடு சேர்ந்து காணி உரிமையும், முகவரியில்லாத வீடும், நாட்கூலியின் அளவும், அலுவலகங்களின் மொழியும் குறுக்கே நிற்கின்றன. மலையைத் தாண்டும் வழி பொறியியலாளர்களுக்குத் தெரியும். மற்றவை அரசும் கம்பனியும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்க்கவேண்டியவை.

மலையகம் என்றதும் நுவரெலியாவை மட்டும் மனத்தில் கொள்ளும் பழக்கம் ஆய்வுகளிலும் அரசியலிலும் உண்டு. சப்ரகமுவ அந்தச் சித்திரத்தில் பொருந்துவதில்லை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழர். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அவர்களது பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை ஆகிய ஊர்களைச் சுற்றியும், கேகாலைப் பக்கம் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய ஆகியவற்றைச் சுற்றியும் இத்தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் சிறு தேயிலைத் துண்டுகளுக்கும் நடுவே தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கின்றன. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் இப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோரை வவுனியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் பெயர்த்துவிட்டன. எஞ்சியோர் மேலும் சிறிய, மேலும் தனித்த குடியிருப்புகளாயினர். தேர்தல் கணக்கில் இவர்களுடைய வாக்குக்குப் பெரிய எடை இல்லை. இரு மாவட்டங்களிலிருந்தும் மலையகத் தமிழர் ஒருவர் நாடாளுமன்றம் செல்வது அரிதாகவே நிகழ்ந்துள்ளது. சந்தைக் கணக்கிலும் நிலைமை அதுவே: ஒரு கோபுரத்தின் செலவை ஈடுசெய்யத்தக்க வாடிக்கையாளர் கூட்டம் ஒரே இடத்தில் இல்லை.

தேவையோ நேர்மாறானது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழ் மொழியில் கற்பிக்கும் பாடசாலைகள் இவ்விரு மாவட்டங்களிலும் விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஆசிரியர் வெற்றிடங்களும் நிரந்தரமானவை. நுவரெலியாவில் ஒரு மாணவருக்கு அடுத்த நகரத்தில் கிடைக்கும் தமிழ் ஆசிரியரும், தமிழ் நூலும், தமிழில் பேசும் உத்தியோகத்தரும் தெரணியகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து மாணவருக்குக் கிடைப்பதில்லை. சிதறி வாழும் மொழிச் சிறுபான்மைக்கு இணையம் என்பது பொழுதுபோக்கு வசதிக்கு முன்னதாக, ஊரில் இல்லாத பாடசாலைக்கும் நூலகத்துக்கும் மாற்றுவழி. வணிகத்துக்கு மிகக் குறைவாகக் கவர்ச்சி தரும் இடமே இணையத்தால் மிக அதிகப் பயன் பெறக்கூடிய இடமாகவும் இருக்கிறது என்பதுதான் சப்ரகமுவவின் தனித்தன்மை.

புள்ளிவிவரங்கள் இந்தத் தனித்தன்மையைக் காட்டுவதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் அங்கேயே தங்கி வேலை செய்யும் பத்துத் தொழிலாளர்களும் உள்ள பெருந்தோட்டமே தோட்டத் துறைக்குள் அடங்கும். அத்துறையில் நாட்டு மக்களில் 4.4 விழுக்காட்டினர் வாழ்வதாக 2012 கணக்கெடுப்பு காட்டியது. திணைக்களம் வெளியிடும் கணினி அறிவு, டிஜிட்டல் அறிவு ஆகியவை பற்றிய அளவீடுகளில் தோட்டத் துறை தொடர்ந்து கடைசி இடத்திலேயே நிற்கிறது. 2021 இல் நாடு தழுவிய கணினி அறிவு 34.3 விழுக்காடாக இருந்தபோதும், தோட்டத் துறை அதற்கு வெகு கீழே இருந்தது. ஆனால் துண்டாடப்பட்ட சிறு தனியார் தோட்டங்களின் லயன்களில் வாழ்வோர் மேற்சொன்ன வரையறைக்கு வெளியே விழுந்து ‘கிராம’ மக்களாகக் கணக்கிடப்படுகின்றனர். இத்தகைய தோட்டங்கள் சப்ரகமுவவில் கணிசமாக உள்ளதால், கடைசி இடத்தில் நிற்கும் எண்ணும்கூட முழுக் குறையையும் சொல்வதில்லை.

நிலத்தின் அமைப்பைச் சற்று விளக்கவேண்டும். கைத்தொலைபேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. 700 முதல் 900 மெகாஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், குன்றின் விளிம்பில் ஓரளவு வளைந்து இறங்கவும் செய்யும். ஆனால் அவற்றில் கொண்டுசெல்லக்கூடிய தரவின் அளவு குறைவு. 1800 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும் வேகம் தரும், ஆனால் மலை மறைத்தால் நின்றுவிடும். களனி, களு ஆகிய இரு கங்கைகளின் நீரேந்து பகுதியான சப்ரகமுவவில் தோட்டங்கள் குறுகிய பள்ளத்தாக்குகளிலும், லயன்கள் பெரும்பாலும் தண்ணீருக்கு அருகில் பள்ளத்திலும் அமைந்துள்ளன; துரையின் பங்களாவும் தொழிற்சாலையும் மேட்டில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவர் எங்கே வசிக்கவேண்டும் என்று வகுத்த ஒழுங்கு, இருபத்தோராம் நூற்றாண்டில் எவருக்கு அலை கிடைக்கும் என்பதையும் தீர்மானித்துவிட்டது. இறப்பர் மலைகளில் மற்றொரு சிக்கல் உண்டு: அடர்ந்த இலைக்கூரை, அதுவும் நனைந்த இலைக்கூரை, உயர் அலைவரிசைகளை விழுங்கிவிடுகிறது. கேகாலை மாவட்டத்துக்கு இறப்பரும் மழையும் இரண்டுமே தாராளம்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கான சட்ட ஏற்பாடு இல்லையென்று சொல்ல முடியாது. தென்னாசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் இலங்கையிலேயே தொடங்கியது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகப் பிறந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டன. 2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள்மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி தொலைத்தொடர்பு அபிவிருத்திக்கென ஒதுக்கப்பட்டு, பின்தங்கிய பகுதிகளில் முதலிடும் நிறுவனங்களுக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிக்குச் சென்ற தோட்டத்துப் பெண்கள் வீட்டுக்குப் பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் இந்தத் தீர்வை ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வாறு திரண்ட பணம் நீண்ட காலம் உரிய வேகத்தில் செலவாகாமல் கிடந்தது என்பதைக் கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன் ஏசியா (LIRNEasia) போன்ற ஆய்வு நிறுவனங்கள் பல தடவை சுட்டிக்காட்டியுள்ளன.

பின்னர் வந்த ‘கமட்ட சன்னிவேதனய’, அதாவது ‘கிராமத்துக்குத் தொடர்பாடல்’ என்ற திட்டம், அந்த நிதியிலிருந்து கோபுரச் செலவில் ஒரு பங்கை மானியமாகத் தந்து நாடு முழுவதும் நான்காம் தலைமுறைச் சேவையைப் பரப்ப முற்பட்டது. அதன் முன்னோடி மாவட்டமாக 2020–21 காலத்தில் தெரிவுசெய்யப்பட்டது இரத்தினபுரியே. இது பாராட்டப்படவேண்டிய தெரிவு. திட்டத்தால் பல பள்ளத்தாக்குகளுக்கு முதன்முதலாக வேகமான இணையம் வந்தது. ஆயினும் திட்டத்தின் பெயரிலேயே அதன் பார்வை வெளிப்படுகிறது. அரசின் திட்டமிடலில் அடிப்படை அலகு கிராமம், நிர்வாக ரீதியாகக் கிராம உத்தியோகத்தர் பிரிவு. அப்பிரிவின் சந்தியிலும் பாடசாலையிலும் அலை கிடைத்தால் பிரிவு முழுவதும் இணைக்கப்பட்டதாகவே பதிவாகும். அதே பிரிவுக்குள் மூன்று கிலோமீற்றர் கரடுமுரடான தோட்டப் பாதைக்கு அப்பால் உள்ள மேல்பிரிவு லயன்கள் அந்தப் பதிவில் தனியே தெரிவதில்லை.

வானத்திலிருந்து தீர்வு இறங்கும் என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. 2015 ஜூலையில் இலங்கை அரசு கூகுள் நிறுவனத்தின் ‘லூன்’ திட்டத்துடன் உடன்படிக்கை செய்து, உயரத்தில் மிதக்கும் பலூன்கள் தீவு முழுவதற்கும் இணையம் தரப்போவதாக அறிவித்தது. 2016 இல் ஒரு பலூன் வந்து சேர்ந்தது. அலைவரிசை ஒதுக்கீட்டில் சிக்கல் எழுந்து திட்டம் தேங்கிற்று. 2021 ஜனவரியில் தாய் நிறுவனமே லூனை மூடிவிட்டது. அந்த நம்பிக்கையின் அடுத்த வடிவம் செய்மதி. ஸ்டார்லிங்க் சேவைக்கு 2024 ஓகஸ்டில் உரிமம் வழங்கப்பட்டு, 2025 ஜூலையில் சேவை தொடங்கியபோது கருவியின் விலை மட்டும் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. ஒரு லயத்துக்கு அது எட்டாத தொகை. ஒரு பிரிவு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் இணைப்பாகப் பார்த்தால் கணக்கு வேறாகும் என்பது பின்னர் கவனிக்கத்தக்கது.

அலை கிடைத்தாலும் அதற்குக் கொடுக்கும் விலை அடுத்த தடை. ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணையம் 2018 இல் நிர்ணயித்த இலக்கின்படி, 2025 அளவில் வளரும் நாடுகளில் அடிப்படை இணையச் சேவையின் மாதச் செலவு, தலா மொத்தத் தேசிய வருமானத்தின் மாதப் பங்கில் 2 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும். கைத்தொலைபேசிக்கு இந்த ‘அடிப்படை’ மாதத்துக்கு 2 ஜிகாபைட் என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் கொண்டது. இந்த அளவுகோலில் இலங்கை மலிவான நாடுகளில் ஒன்று. ஆனால் அந்த அளவுகோல் அடிப்படையாகக் கொள்வது கொழும்பின் வருமானத்தையும் சேர்த்து எடுத்த சராசரி. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் இருபது நாள் பெயர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழுந்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 விழுக்காடு கழிந்தால் 24,840. சங்கச் சந்தாவும் கோயில் காசும் கடைக் கடனும் அதன்பின் கழியும். இதில் 2 விழுக்காடு 500 ரூபா அளவில் நிற்கும், அதுவும் ஒரு தொழிலாளியின் ஒரு சிம்முக்கு. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருவர் இருந்தால், காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிகாபைட்டிலிருந்து ஒரு ஜிகாபைட் வரை எடுத்துக்கொள்ளும் நிலையில், சர்வதேச அளவுகோலின் ‘அடிப்படை’ ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். 2026 வரவுசெலவுத் திட்டம் அரசின் 200 ரூபா ஊக்கத்தொகையோடு சேர்த்து நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. கூட்டல் கழித்தலின் போக்கை அது பெரிதாக மாற்றவில்லை.

வருமானம் வரும் விதமும் கணக்கில் சேரவேண்டும். இறப்பர்த் தோட்டத்தில் மழை நாளில் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாத நாளில் பெயரும் இல்லை. கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப் பெயர் மட்டுமே விழும் நாட்களும் உண்டு. இத்தகைய குடும்பம் மாதத் தொடக்கத்தில் பெரிய பொதியை வாங்கி இலாபம் காண முடியாது. கடையில் ஐம்பதுக்கும் நூறுக்கும் ‘ரீலோட்’ போட்டு, ஒரு நாள் அல்லது ஒரு வாரப் பொதியாகவே இணையத்தை வாங்குகிறது. சில்லறையாக வாங்குவோருக்கு ஒரு ஜிகாபைட்டின் விலை எப்போதும் கூடுதலாகவே விழுகிறது. மலிவாகக் கிடைப்பவையோ பெரும்பாலும் வட்ஸ்அப், முகநூல், யூடியூப் ஆகியவற்றுக்கு மட்டுமான பொதிகள்; அவற்றைப் பயன்படுத்தும் வீட்டில் இணையம் உண்டு, ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவோ ஒரு பாடநூலைத் தரவிறக்கவோ அது உதவாது. நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லுபடியாகும் இரவுத் தரவு, விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்லும் வீட்டாருக்கு என்ன பயன் தரும் என்பதைப் பொதிகளை வடிவமைப்போர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இவற்றின் மேல் 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது: ரூபாவின் மதிப்புச் சரிந்து கைத்தொலைபேசிகளின் விலை ஏறியது, செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 விழுக்காடு உயர்ந்தன, 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 விழுக்காடாயிற்று. ‘பட்டன் போன்’ உடைந்தால் ‘டச் போன்’ வாங்கலாம் என்றிருந்த வீடுகள் மீண்டும் பட்டன் போனையே திருத்திக்கொண்டன.

நிலையான இணைப்பு, அதாவது வீட்டுக்குக் கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வரும் இணையம், ஒரு ஜிகாபைட்டுக்குக் கைத்தொலைபேசியைவிட மிக மலிவானது. தோட்டத்தில் அதைப் பெறுவதற்குத் தடையாக நிற்பவை காணியும் முகவரியும். பெரிய தோட்டங்களின் காணி பெரும்பாலும் அரசுக்குரியது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. லயன் அறையில் நான்கு தலைமுறையாக வாழ்வோருக்கும் அந்தச் சுவர்மீது சட்டபூர்வ உரிமை இல்லை. கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். லயன்களுக்குத் தனித்தனி முகவரி பெரும்பாலும் கிடையாது; கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பகிரப்படுகின்றன, சில வேளை வாரக் கணக்கில் தாமதமாக. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்தபின் கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் குறைவு. முகவரி உறுதிப்பத்திரம் கேட்கும் இணைப்பு விண்ணப்பம் அத்தகைய வீட்டில் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

இதே தடை முன்பு வேறொரு துறையில் நீங்கியிருப்பதால் இது அசைக்க முடியாததல்ல. பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதை 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் நடைமுறையில் தடுத்திருந்தது. வாக்களித்த மக்களுக்கு அவர்கள் தெரிவுசெய்த சபை ஒரு தெருவிளக்கும் போட முடியாத விநோதம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வீதி, குடிநீர், விளக்கு ஆகியவற்றுக்குத் திறந்த இந்த வாசல் இணையத்துக்கும் பொருந்தும். ஒரு பிரதேச சபை தன் தோட்டப் பிரிவுகளில் பொது வைஃபை அமைக்க நினைத்தால், 2018 க்கு முன் இருந்த காரணத்தை இனி எவரும் சொல்ல முடியாது.

தடைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வெளிப்பட்ட காலம் கொவிட் பெருந்தொற்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் இடையிடையே திறந்து, பெரும்பகுதி நாட்கள் மூடியே இருந்து, 2021 இறுதிவாக்கிலேயே சீராகத் திரும்பின. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் (LEARN) எனப்படும் உயர்கல்வி வலையமைப்பு வழியாகச் சூம் வகுப்புகள் கட்டணமின்றித் தரப்பட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இலவசமாக்கப்பட்டது. ஆனால் பாடசாலை ஆசிரியர்கள் உண்மையில் நடத்தியவை வட்ஸ்அப் குழுக்களும் சூம் வகுப்புகளும். அவற்றின் செலவு பெற்றோர் தலையில் விழுந்தது. 2021 ஜூலையில் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழி நடந்து பாறை ஏறிப் பாடம் பெற்ற படங்கள் உலகச் செய்தியாயின. சப்ரகமுவவின் தோட்டங்களில் காட்சி வேறல்ல, படம் எடுக்க எவரும் வரவில்லை அவ்வளவே. ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் தந்தையின் சட்டைப்பையில் மலைக்குப் போய்விட, மாலையில் அவர் திரும்பியபின் பிள்ளைகள் வரிசையில் நின்று நாள் முழுவதும் குவிந்த குரற்பதிவுகளையும் பயிற்சித் தாள்களையும் பார்ப்பதே பல வீடுகளில் ‘நிகழ்நிலைக் கல்வி’யாக இருந்தது. தாயின் முறை கடைசியாக வரும், அல்லது வராது. இலங்கையில் பெண்களின் இணையப் பயன்பாடு ஆண்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்று லேர்ன் ஏசியாவின் 2018 கணக்கெடுப்பு காட்டியதன் உட்பொருள் இத்தகைய வரிசைகளில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு ஒரே சுற்றறிக்கையில் இலவசமான ஒன்று, பத்தாம் வகுப்புக்கு ஏன் இலவசமாக முடியவில்லை என்ற கேள்விக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

கல்விக்கு அப்பால், அரசின் கதவுகளே ஒவ்வொன்றாக இணையத்துக்குள் நகர்கின்றன. 2022 இல் எரிபொருளுக்கு கியூஆர் குறியீடு வந்தது; 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குறுகிய காலக்கெடுவுக்குள் இணையவழி கோரப்பட்டன; பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பமும் பரீட்சைப் பெறுபேறும் அங்கேதான். இரு மாவட்டங்களிலும் பிரதேச செயலகங்களின் அன்றாட நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிறது. தமிழ்ப் பக்கம் இருந்தும் பாதியில் சிங்களத்துக்கோ ஆங்கிலத்துக்கோ தாவும் தளங்களை ஒரு கொழுந்து பறிக்கும் பெண் தன் கையால் நிரப்ப முடிவதில்லை; நகரத்துக் ‘கொமியூனிகேஷன்’ கடையில் இருநூறோ முந்நூறோ கொடுத்து, பஸ் காசும் ஒரு நாள் பெயரும் இழந்து, தன் அடையாள அட்டை விவரங்களையும் கடவுச்சொல்லையும் ஒரு அந்நியரிடம் ஒப்படைத்துத் திரும்புகிறார். இலவசமான அரசுச் சேவையின் உண்மை விலை இதுதான், இதை எந்த அளவுகோலும் அளப்பதில்லை.

உயிர்ப் பாதுகாப்பின் கணக்கும் உண்டு. 2016 மே 17 அன்று அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்போது மழையளவைப் பொறுத்து மூன்று படிநிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அது முதலில் வந்து சேரும் இடம் இணையமும் கைத்தொலைபேசியும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது கண்டதுபோல், எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் இரவிலேயே மின்சாரமும் கோபுரமும் சேர்ந்து விழுகின்றன. 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்திலேயே கோபுரங்களின் மின்கலங்கள் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கா என்பது தெரிந்திருந்தது. கோபுரத்துக்கு மானியம் தரும் அரசு அதன் மின்கலத்துக்கு நிபந்தனை விதிப்பதில் தயங்க வேண்டியதில்லை.

பொது நிலையங்கள் வழியாக இணையம் தரும் முயற்சி புதிதல்ல. 2003 இல் நிறுவப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் ‘ஈ-ஸ்ரீலங்கா’ திட்டத்தின்கீழ் நாடெங்கும் நெனசல எனும் பொது இணைய நிலையங்களைத் திறந்தது. அத்திட்டம் 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதையும் பெற்றது. கணிசமான நிலையங்கள் விகாரைகளிலும் கிராம நூலகங்களிலும் இயங்கியதால் தோட்டத்தவர் அங்கே செல்வது குறைவு. தடுத்தவர் எவரும் இல்லை, கூப்பிட்டவரும் இல்லை. தமிழ்நாட்டில் 2001 அளவில் சென்னை ஐஐடியின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தோடு மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் திறக்கப்பட்ட இணையக் கூடங்கள், வருமானமும் பழுது நீக்க ஆளும் இன்றிச் சில ஆண்டுகளில் பெரும்பாலும் மூடப்பட்டன. புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் நடத்திய கிராம அறிவு மையங்களுக்கு இதைவிட ஆயுள் இருந்தது. வீராம்பட்டினத்தில் கடலின் அலை உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னபோது, கணினியைத் தொட்டிராத மீனவர்களும் இணையத்தின் பயனாளர்களாயினர். கொத்மலை சமூக வானொலி 1999 இல் யுனெஸ்கோ ஆதரவுடன் இதையே வேறு வழியில் செய்தது: நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பினர். கூடம் திறப்பது எளிது. அன்றாட வாழ்வின் எந்தத் தேவைக்கு எவர் அதை இயக்குகிறார் என்பதைப் பொறுத்தே அது நிலைக்கிறது.

இந்தப் பாடத்தைத் தோட்டத்துக்குப் பொருத்தினால் ஓர் இடம் கண்ணில் படுகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் பிள்ளை மடுவம், அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், உண்டு. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் அது இயங்குகிறது. தாய்மார் நாளுக்கு இரண்டு தடவையாவது அங்கே வந்து போகின்றனர். மாலையில் கட்டடம் வெறுமையாகவே இருக்கிறது. பிரிவுக்கு ஒரு பகிரப்பட்ட இணைப்பு, அது மேட்டிலிருந்து கம்பியில்லாமல் கடத்தப்பட்டதாயினும் செய்மதியாயினும், அங்கே நிறுவப்பட்டு, சூரிய மின்கலத்தோடு, இரண்டு கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் வைக்கப்பட்டால், பெண்கள் தயக்கமின்றி நுழையும் முதல் இணைய நிலையமாக அது அமையும். தந்தையின் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி தராத ஒன்று அது.

அங்கிருந்து லயன்களுக்கு அலையைக் கொண்டுசெல்வதற்கு உலகில் சோதிக்கப்பட்ட முறை சமூக வலையமைப்பு: ஊராரே கருவிகளை நிறுவி, உரிமம் தேவையற்ற அலைவரிசைகளில் வீட்டுக்கு வீடு கடத்தி, செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. நேபாள மலைகளில் மகாவீர் பூன் இதைத் தொடங்கி 2007 இல் மகசேசே விருது பெற்றார். ஸ்பெயினின் கற்றலோனியாவில் 2004 முதல் குய்பி என்ற வலையமைப்பு பல்லாயிரம் கணுக்களாக வளர்ந்துள்ளது. கேரள அரசு 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன், இழை வலையமைப்பை அரசே அமைத்து வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தரும் வேறொரு வழி. இடுக்கியின் தோட்டங்களுக்கும் சப்ரகமுவவின் தோட்டங்களுக்கும் உள்ள ஒற்றுமை அதைக் கவனிக்கத் தூண்டுகிறது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, அமைச்சரின் உரிமமின்றி எவரும் தொலைத்தொடர்பு முறைமையை இயக்கக்கூடாது என்கிறது. பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த விதி, ஐம்பது வீட்டுக்கு அலை பகிரும் ஒரு தோட்டச் சங்கத்தையும் அதே தட்டில் வைக்கிறது. சிறிய, இலாப நோக்கற்ற வலையமைப்புகளுக்கென எளிய உரிம வகையொன்றை உருவாக்குவது புதிய நிதி எதுவும் கோராத சீர்திருத்தம். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் லேர்ன் வலையமைப்பின் உறுப்பினர், கணினிப் பீடமும் உடையது. பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களில் முதல் சோதனையை நடத்துவதற்கு அதைவிட அருகில் வேறு அறிவு நிறுவனம் இல்லை.

பராமரிப்புச் செலவே இத்தகைய முயற்சிகளை இறுதியில் கொல்வது. தோட்டத்தில் பணம் சேர்க்கும் பழைய வழியொன்று ஏற்கனவே உண்டு: சங்கச் சந்தா, கோயில் காசு, சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துபவருக்கும் உரியவை எல்லாம் செக்றோலில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு வந்துள்ளன. மாதம் நூறு ரூபா அவ்வழியே கழிந்தால் ஒரு பிரிவின் இணைப்பு நடக்கும் என்பது காகிதத்தில் சரியாகவே வரும். ஆனால் செக்றோல் என்பது கம்பனியின் கையில் உள்ள ஏடு; கழிப்பனவுகளால் கடனில் கட்டுண்ட நீண்ட வரலாறும் அதே ஏட்டுக்கு உண்டு. தொழிலாளியின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும், அதன் வழியே எவர் எதைப் பார்க்கிறார் என்று அறியும் வாய்ப்பும் சம்பளம் போடும் அலுவலகத்துக்கே போய்விடக் கூடாது. வேலைநிறுத்தக் காலத்தில் இந்த வேறுபாடு என்ன பொருள்படும் என்பதைத் தொழிற்சங்கங்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. ஆகவே கழிப்பனவைக் காட்டிலும் பிரிவு மட்டத்திலான கூட்டுறவோ, மரண உதவிச் சங்கம் போன்று ஏற்கனவே மக்கள் நடத்திவரும் அமைப்போ கணக்கை வைத்திருப்பதும், தொலைத்தொடர்பு அபிவிருத்தி நிதி கோபுரத்துக்குக் கொடுத்த பங்கைப் போல இதற்கும் முதல் ஐந்தாண்டுக்குப் பராமரிப்பு மானியம் கொடுப்பதும் பொருத்தமானவை. காணிக் குத்தகையின் நிபந்தனைகளில் ஒன்றாக, குடியிருப்புப் பகுதிக்குக் கம்பமும் கம்பியும் கொண்டுசெல்ல அனுமதி மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்கும் அதிகாரம் காணி உரிமையாளரான அரசிடம் உள்ளது.